உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கும்போது முழங்காலுக்குள் எவ்வளவு விசை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் முழங்கால் மூட்டு தாங்கும் விசையைக் கணக்கிடுவதுதான் சில வருடங்களாக என் வேலை. இந்த ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்கள், அளவெடுக்க வந்து உட்காரும் பங்கேற்பாளர்கள், முழங்கால் வலியோடு "நான் மிதிக்கலாமா?" என்று கேட்கும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இதே கேள்விகளோடுதான் வருகிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது.

சாலையில் ஓடும் சைக்கிளை விட்டுவிட்டு ஏன் நிற்கும் சைக்கிளில் அளக்கிறீர்கள்?

எல்லாவற்றையும் நம் பிடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதால்தான். எத்தனை வாட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, சீட் எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்கலாம். ஆள் ஒரே இடத்தில் இருப்பதால் கேமராக்களையும் சுற்றி நிறுத்திவிட முடிகிறது. நடையை அளப்பவர்கள் தரையில் பதித்த விசைத் தட்டின் மேல் பங்கேற்பாளர் சரியாகக் கால் வைக்கிறாரா என்று திரும்பத் திரும்ப நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கோ 60 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் மிதித்தாலே அச்சு அசலாக 60 சுழற்சிகள் கிடைத்துவிடும்.

பெடலில் நான் அழுத்தும் விசைதானே முழங்காலுக்குப் போகிறது?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 170 மில்லிமீட்டர் கிராங்க் (பெடலை அச்சோடு இணைக்கும் கை), நிமிடத்துக்கு 60 சுற்று, 120 வாட். திறனைச் சுழற்சி வேகத்தால் வகுத்தால் சராசரித் திருப்புவிசை சுமார் 19 நியூட்டன் மீட்டர். அதைக் கிராங்க் நீளத்தால் வகுத்தால் பெடலைச் சுற்றவைக்கும் சராசரி விசை சுமார் 112 நியூட்டன், அதாவது பதினோரு கிலோ எடையைத் தூக்குவதற்கு ஆகும் விசை. ஆனால் கால் சுற்று முழுக்க ஒரே சீராக அழுத்துவதில்லை. பெடல் மேலிருந்து கீழே இறங்கும் பாதியில், ஏறக்குறைய கிராங்க் முன்னோக்கிக் கிடைமட்டமாக இருக்கும் இடத்தில்தான் உச்சம் வரும். அந்த இடத்தில் 250 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த 250 நியூட்டன் முழங்காலை என்ன செய்கிறது என்று பாருங்கள். பெடல் பாதத்தை எதிர்த்துத் தள்ளும் விசையின் கோடு முழங்காலின் மையம் வழியாகப் போவதில்லை, அதற்குப் பின்னால் போகிறது. 12 சென்டிமீட்டர் பின்னால் என்று எடுத்துக்கொண்டால் முழங்காலை மடக்கப் பார்க்கும் திருப்புவிசை 30 நியூட்டன் மீட்டர். கால் மடங்கிவிடாமல் முன்தொடைத் தசை இழுத்துப் பிடித்தாக வேண்டும், ஆனால் அந்தத் தசையின் இழுப்பைக் கீழ்க்கால் எலும்புக்குக் கொண்டுபோகும் நாண் முழங்கால் மையத்திலிருந்து வெறும் 4 சென்டிமீட்டர் சுமார் தூரத்தில்தான் இருக்கிறது. 30-ஐ 0.04-ஆல் வகுங்கள். 750 நியூட்டன். பெடலில் அழுத்தியது 250, நாண் இழுப்பதோ அதைப்போல மூன்று மடங்கு! அந்த இழுப்பு முழுவதும் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து நெருக்குகிறது. 70 கிலோ ஆளின் எடை சுமார் 690 நியூட்டன். சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்குள் அவருடைய மொத்த எடையையும் மிஞ்சிய விசை இருக்கிறது, அதில் பெரும்பங்கு அவருடைய சொந்தத் தசை கொடுத்தது.

பின்தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் அதே நேரத்தில் வேலை செய்தால் நெருக்கல் இன்னும் கூடும். ஆகவே இரண்டு பேர் பெடலில் ஒரே விசையை அழுத்தினாலும் முழங்காலுக்குள் ஒரே விசை இருக்க வேண்டியதில்லை.

சரி, உண்மையில் அளந்தவர்களுக்கு எவ்வளவு வந்தது?

ஸ்வீடனைச் சேர்ந்த எரிக்சனும் நிசெல்லும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், 120 வாட், 60 சுற்றில் கீழ்க்கால் எலும்பின் மேல் விழும் அழுத்து விசையின் உச்சம் உடல் எடையைப் போல சுமார் 1.2 மடங்கு என்று கணக்கிட்டார்கள். மூட்டுக்குள் எதையும் வைக்காமல், வெளியிலிருந்து அளந்ததை வைத்துப் போட்ட கணக்கு அது.

பிறகு மூட்டுக்குள்ளேயே அளக்கும் வசதி வந்தது. பெர்லினில் குட்ஸ்னரும் அவருடைய குழுவும் அளவெடுக்கும் செயற்கை மூட்டு பொருத்தப்பட்ட 9 பேரை எர்கோமீட்டரில், அதாவது வாட்டை அளந்து வைக்கும் நிற்கும் சைக்கிளில், மிதிக்கவைத்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 60 வாட், 40 சுற்றில் உச்ச விசை உடல் எடையில் 119 சதவீதம். அதே குழு 2010-இல் அன்றாட அசைவுகளுக்கு வெளியிட்ட சராசரிகளில் சமதள நடைக்கு 261 சதவீதம், படி ஏறுவதற்கு 316, படி இறங்குவதற்கு 346. இரண்டு காலில் சும்மா நிற்பதற்கே 107.

அமெரிக்காவில் டிலிமாவின் குழுவுக்கும் நிற்கும் சைக்கிளில் உடல் எடைக்குச் சமமான அளவே, சுமார் 1 மடங்கு, கிடைத்தது. ஆட்கள் வேறு, கருவி வேறு, முறை வேறு, விடை மட்டும் ஒரே பக்கம் வந்து நிற்கிறது. இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை கொடுத்த முதல் விஷயமே இதுதான்.

மூட்டுக்குள் எப்படி அளக்கிறார்கள்? கம்பி வெளியே வருமா?

வராது. முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் கீழ்க்கால் எலும்பில் பொருத்தும் பாகத்தின் தண்டுக்குள் விகார அளவிகளை (உலோகம் மிகச் சிறிதாக நெளிவதை உணரும் கருவிகளை) அடைத்து மூடியிருப்பார்கள். காலைச் சுற்றி வெளியே ஒரு காயிலை மாட்டி, தூண்டல் முறையில் மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருப்பது விழித்துக்கொண்டு அளவுகளை ரேடியோ வழியாக அனுப்பும். பெர்லின் குழு தன் அளவுகளில் பலவற்றை ஆர்த்தோலோட் என்ற பெயரில் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. மாணவர்கள் ஒரு மாலை நேரத்தையாவது அதில் செலவிட வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. அது செயற்கை மூட்டு. குருத்தெலும்பு கிடையாது, உள்ளே இருக்க வேண்டிய நார்கள் எல்லாமும் இருக்காது, பங்கேற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். இருபது வயது ஆளின் முழங்காலுக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டவைக்க முடியாது.

அப்படிப்பட்ட மூட்டு இல்லாத ஆளிடம் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நேரடியாக அளக்க முடியாது, கணக்கிடத்தான் முடியும். அதற்கு மூன்று தகவல்கள் வேண்டும். பெடலில் விசை எவ்வளவு, எந்தத் திசையில்; கால் எங்கே இருக்கிறது, எப்படி அசைகிறது; தசைகளில் எது எப்போது வேலை செய்கிறது.

முதலாவதுக்கு விசை அளக்கும் பெடல். ஹல், டேவிஸ் இருவரும் 1981-இலேயே ஆறு கூறுகளையும், அதாவது மூன்று விசை, மூன்று திருப்புவிசை, அளக்கும் பெடலைச் செய்து வெளியிட்டுவிட்டார்கள். கடைகளில் கிடைக்கும் பவர் மீட்டர் பெரும்பாலும் கிராங்கைச் சுற்றவைக்கும் பங்கை மட்டும்தான் சொல்லும், வீணாகப் போகும் விசை அதில் தெரியாது, ஆனால் முழங்காலுக்கு அந்த வீண் விசையும் சுமைதான். இரண்டாவதுக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றி நிறுத்திய கேமராக்களால் பிடிக்கிறோம். மூன்றாவதுக்குத் தோலில் மின்முனைகளை ஒட்டி ஈஎம்ஜி, அதாவது தசையின் மின் சமிக்ஞைப் பதிவு, எடுக்கிறோம்.

இதையெல்லாம் வைத்துப் பாதத்திலிருந்து கணக்கு மேலே ஏறும். பெடல் விசை தெரியும், பாதத்தின் நிறையும் முடுக்கமும் தெரியும், ஆகவே கணுக்காலில் எவ்வளவு என்று வரும். அதிலிருந்து கீழ்க்கால், பிறகு முழங்கால். இன்வெர்ஸ் டைனமிக்ஸ் என்பது இதுதான், பெயர் மட்டும்தான் மிரட்டுகிறது. அப்புறம் முழங்காலில் வந்த திருப்புவிசையை எந்தெந்தத் தசை எவ்வளவு பங்கு போட்டுக்கொண்டது என்று ஓபன்சிம், எனிபாடி போன்ற மென்பொருளில் உள்ள, தசையையும் எலும்பையும் கணினியில் உருவாக்கிய மாடல் பிரித்துத் தரும். ஒரே திருப்புவிசையை எண்ணற்ற விதமாகப் பிரிக்கலாம் என்பதால் 'தசைகள் மொத்தமாகக் குறைந்த உழைப்பில் வேலையை முடிக்கும்' என்பது போன்ற ஒரு அனுமானத்தை மென்பொருள் வைத்துக்கொள்கிறது. ஈஎம்ஜி எடுப்பதே இந்த அனுமானத்தைச் சோதிக்கத்தான். பின்தொடைத் தசை தூங்குகிறது என்று மாடல் சொல்லி, மின்முனையில் அது துடித்துக்கொண்டிருந்தால் நான் மின்முனையைத்தான் நம்புவேன்.

ஒரு கட்டுரையில் முழங்கால் விசை 200 நியூட்டன் என்கிறார்கள், இன்னொன்றில் 900. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். முதலாவது இன்வெர்ஸ் டைனமிக்ஸோடு நின்றுவிட்ட எண், அதில் தசையின் இழுப்பு சேரவில்லை. இரண்டாவது தசையையும் சேர்த்துப் பார்த்த தொடு விசை, குருத்தெலும்பு உணர்வது அதைத்தான். இரண்டுக்கும் 'மூட்டு விசை' என்று ஒரே பெயரை வைத்துக் குழப்புகிறார்கள். கட்டுரையைக் கையில் எடுத்தால் முடிவுகளுக்குப் போகும் முன்னால் செய்முறைப் பகுதியில் தசை சேர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

அளவெடுக்கும்போது எங்கே தப்பு நடக்கும்?

உருண்டை ஒட்டும் இடத்தில். முழங்காலின் வெளிப்பக்கத்தில் தொடை எலும்பின் முடிவில் ஒரு சிறிய புடைப்பு இருக்கும். பங்கேற்பாளரை உட்காரவைத்து, காலை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லி, கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். விரலுக்கடியில் எல்லாம் நகரும், ஒரு புள்ளி மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதுதான் இடம். பேனாவால் குறித்துவிட்டு ஒட்ட வேண்டும். இருபது நிமிடம் மிதித்தால் வியர்வையில் இரட்டைப் பக்க டேப்பின் ஓரம் தூக்கிக்கொள்ளும்; விழுந்தால் அந்தப் பேனாக் குறிதான் காப்பாற்றும். இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: முன்பு போட்ட கணக்கில் மூட்டின் மையம் 1 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் 250 நியூட்டனுக்கு 2.5 நியூட்டன் மீட்டர் மாறும். 30-இல் 2.5 என்றால் எட்டு சதவீதம். இரண்டு சீட் உயரங்களுக்கு நடுவே நாம் தேடும் வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும்.

நேரம் அடுத்தது. கேமராவும் பெடலும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். 60 சுற்றில் கிராங்க் ஒரு நொடிக்கு 360 பாகை சுற்றுகிறது, ஆகவே 20 மில்லிநொடி பிசகினால் 7 பாகை தள்ளிப்போகும். 90 சுற்றில் கிட்டத்தட்ட 11 பாகை. விசையின் உச்சம் தவறான முழங்கால் கோணத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், வரைபடத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது, அழகாகத்தான் இருக்கும்.

பெடலின் அளவுத்திருத்தத்தையும் தினமும் பார்க்க வேண்டும். 10 கிலோ எடையைக் கொக்கியில் தொங்கவிட்டால் 98 நியூட்டன் காட்ட வேண்டும். ஒரு நாள் 91 காட்டியது. மென்பொருளில்தான் கோளாறு என்று காலை முழுவதும் அதையே தோண்டிக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் பெடலிலிருந்து வரும் கேபிளைக் கிராங்கோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள், அது எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய நாள் வந்த இரண்டு பங்கேற்பாளர்களையும் மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆள் ஏறுவதற்கு முன்பும் எடை தொங்குகிறது.

சீட்டை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்?

பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கால் முழுக்க நீளவும் கூடாது, குறுகிக்கொள்ளவும் கூடாது. சீட் தாழ்ந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் இன்னும் அதிகமாக மடங்கும், முழங்கால் சில்லு தொடை எலும்பில் அழுத்துவதும் கூடும். பெர்லின் குழு பார்த்தபோது சீட்டைத் தாழ்த்தியதால் மொத்த விசை குறிப்பிடும்படி மாறவில்லை, சறுக்கு விசை (ஒரு எலும்பை மற்றொன்றின் மேல் வழுக்கித் தள்ளும் விசை) மட்டும் கொஞ்சம் கூடியது. 'சீட்டை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்பவர்களை நான் முழுக்க நம்பாததற்கு இதுதான் காரணம். முன்பக்கம் வலித்தால் ஏற்றிப் பார்க்கலாம், பின்பக்கம் இழுத்தால் இறக்கிப் பார்க்கலாம், ஆனால் வலியை முடிவு செய்வது உயரம் ஒன்று மட்டுமல்ல.

ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோணத்தை ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அளந்துவிட்டு மிதிக்கும்போதும் அதுவே இருக்கும் என்று எழுதாதீர்கள். மிதிக்கத் தொடங்கியதும் கணுக்கால் மாறும், இடுப்பு நகரும், கோணமும் மாறிவிடும்.

வேகமாக மிதிப்பது நல்லதா, கனமாக மிதிப்பது நல்லதா?

ஒரே வாட்டுக்கு, கொஞ்சம் வேகமாக, லேசாக மிதிப்பது முழங்காலுக்கு நல்லது. அதே 120 வாட்டை 90 சுற்றில் கொடுத்தால் 112 நியூட்டன் 75 ஆக இறங்கிவிடும். மூட்டுக்குள் அளந்தபோதும் 40 சுற்றிலிருந்து 60-க்கு ஏறினால் விசை குறைந்தது. வாட் கூடினால் அதற்கேற்பக் கூடியது. ஆனால் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் காலின் சொந்த நிறையைத் தள்ளி இழுப்பதற்கே விசை தேவைப்படும், ஆகவே இந்த லாபம் எல்லையில்லாமல் போகாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பட்டையால் பிரேக் போடும் பழைய வகை எர்கோமீட்டரில் வேகத்தை ஏற்றினால் வாட்டும் ஏறும். ஒரு சுற்றுக்குச் சக்கர விளிம்பு 6 மீட்டர் ஓடும் வகையில் 2 கிலோ பிரேக் வைத்து 60 சுற்று மிதித்தால் சுமார் 118 வாட். 90 சுற்று மிதித்தால் 177. 'வேகத்தால் விசை குறையவில்லை' என்று ஒரு மாணவர் வந்து சொன்னால் நான் முதலில் சைக்கிள் எந்த வகை என்றுதான் கேட்பேன். வாட்டைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும் மின்காந்த வகையில் இந்தச் சிக்கல் இல்லை. வீட்டுச் சைக்கிளில் 'லெவல் 8' என்று இருக்குமே, அதற்கு அலகே கிடையாது, ஒரு தயாரிப்பின் 8-உம் இன்னொன்றின் 8-உம் ஒன்றல்ல.

முழங்கால் சில்லுக்கு எவ்வளவு?

எரிக்சனும் நிசெல்லும் 1987-இல் இதையும் வெளியிட்டார்கள்: 120 வாட், 60 சுற்றில் உச்சம் 905 நியூட்டன், உடல் எடையைப் போல சுமார் 1.3 மடங்கு, முழங்கால் 83 பாகை மடங்கியிருக்கும்போது. சுமை கூடினால் கூடும், சீட் உயர்ந்தால் குறையும். விசையை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த அளவு மடங்கும்போது சில்லு தொடை எலும்பைத் தொடும் பரப்பும் பெரிதாகிறது, விசை பரவலாக விழுகிறது.

ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவை நார்) அறுவை சிகிச்சை ஆனவர்கள்?

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பிளெமிங் குழு 1998-இல் உயிருள்ள மனிதர்களின் ஏசிஎல் நாரிலேயே நீட்சி அளவியை வைத்து 8 பேரை மிதிக்கவைத்தது. உச்ச நீட்சி சராசரியாக 1.7 சதவீதம்தான், சோதித்த வாட்டுக்கும் வேகத்துக்கும் இடையே பெரிய வித்தியாசமும் இல்லை. மறுவாழ்வுப் பயிற்சியில் சைக்கிளுக்கு நல்ல இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எந்த வாரம் தொடங்கலாம் என்பதை உங்கள் அறுவை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும்தான் சொல்ல வேண்டும்.

மிதிக்கும்போது முழங்கால் பக்கவாட்டில் ஆடுகிறது. பரவாயில்லையா?

கொஞ்சம் ஆடுவது எல்லாருக்கும் உண்டு. மூட்டின் உட்பக்கம், வெளிப்பக்கம் இரண்டுக்கும் சுமை பிரிவதை இது மாற்றும், அதனால்தான் முழங்கால் தேய்மான ஆய்வுகளில் முன்னிருந்து பார்க்கும் அசைவையும் அளக்கிறார்கள். பாதத்தை உள்ளே திருப்புவது, பெடலுக்கும் காலணிக்கும் நடுவே சாய்வான ஆப்பு வைப்பது எல்லாம் சோதிக்கப்பட்டிருக்கின்றன. கோணம் மாறியதால் உள்ளே இருக்கும் சுமையும் குறைந்துவிட்டது என்று அவசரமாக முடிவுகட்ட வேண்டாம், இரண்டும் எப்போதும் சேர்ந்தே நகர்வதில்லை.

எனக்கு முழங்கால் தேய்மானம். மிதிக்கலாமா?

பெரும்பாலானவர்களுக்கு மிதமான வாட்டில் மிதிப்பது நல்ல தேர்வு. உடல் எடையில் பெரும்பங்கைச் சீட் தாங்கிக்கொள்கிறது, பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி இல்லை, விசை நடையில் வருவதில் பாதிக்கும் கீழே. நான் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தபோது சொன்னதும் இதுதான்: லேசான எதிர்ப்பு, சீரான வேகம், எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. நின்றால் சீட் தாங்கிய எடை காலுக்கு வந்துவிடும். மூட்டு வீங்கினாலோ மறுநாளும் வலி தங்கினாலோ அளவைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆய்வு எழுதும்போது எதையெல்லாம் கட்டாயம் சொல்ல வேண்டும்?

படிப்பவர் உங்கள் சைக்கிளை மறுபடி அமைத்துப் பார்க்கும் அளவுக்குச் சொல்லுங்கள். வாட், சுற்று வேகம், கிராங்க் நீளம், சீட் உயரத்தை எப்படி நிர்ணயித்தீர்கள், காலணி பெடலோடு பூட்டியிருந்ததா, எந்த வகை பிரேக். பெடல் அளவுக்கும் உருண்டை அளவுக்கும் கலந்திருக்கும் இரைச்சலை எத்தனை ஹெர்ட்ஸில் வடிகட்டினீர்கள் என்பதும் வேண்டும். ஒரு காலில் மட்டும் அளந்துவிட்டு மறு காலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள், வலி இருக்கும் ஆட்கள் நல்ல காலுக்கு வேலையைத் தள்ளிவிடுவார்கள். மொத்த வாட் அப்படியே இருக்கும், வலிக்கும் முழங்காலில் விசை குறைந்திருக்கும், நீங்கள் அளந்தது எந்தக் கால் என்று தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.